நாற்பது டாலர் ரசீது

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
கடலில் போடுவதை அளப்பது
என் உத்தியோகம்.

வாஷிங்டனிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்தேன்.
டைட்டஸ்வில்லில் அறை வாடகை
மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் மூன்று மடங்கு.
ஆற்றங்கரைச் சாலை முழுக்கக் கார்கள்.
ஒரு வீட்டுப் புல்வெளியில் அட்டைப் பலகை:
நிலா. நாற்பது டாலர்.

ரசீது வேண்டும் என்றேன். பழக்கதோஷம்.
டெல்மர் பாக்ஸ்லி சிரிக்கவில்லை.
பீட்சா டப்பாவின் மூடியைக் கிழித்து எழுதினார்:
ஒரு கார். ஓர் இரவு. நிலா.
கீழே கையெழுத்து, தேதி,
கொசு நசுங்கிய கறை.

என் மடியில் வேறொரு தாள்.
ஒரு பயணத்துக்குப் பத்து இலக்கம்,
காற்புள்ளிகளை எண்ணித்தான் வாசிக்க முடியும்.

ஒன்பதே காலுக்கு வானொலி சொன்னது:
ஹைட்ரஜன் கசிகிறது, இன்று இல்லை.
அக்கரையில் வெள்ளை விளக்குகளுக்கு நடுவே
ராக்கெட் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு மூச்சும் காசு.
"அது எந்த இடுக்கிலும் நுழைந்து வெளியே போகும்,
எங்கள் நகராட்சி நிதி மாதிரி" என்றார் டெல்மர்.
"பணம் திருப்பித் தரமாட்டேன்.
நாளைக்கும் இதே ரசீது செல்லும்."
எந்த ஒப்பந்தக்காரரும்
என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் நான் கிளம்பவில்லை.
ஓடங்களை அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய வருடம்
அவரையும் அனுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்கு.
இன்ஜின்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.
பதினாறு வருடம் அவற்றின் தொண்டைக்குள்
விளக்கும் சிறு கண்ணாடியும் விட்டு
மயிரிழை விரிசல் தேடியவர்.

என் பட்டியலில் நான்கு இன்ஜின்களும் இருந்தன.
வரிசை எண். கையிருப்பு மதிப்பு.
பறந்தபின் மதிப்பு: சுழியம்.
சொல்லியிருக்கக் கூடாது, ஓர் எண்ணைச் சொன்னேன்.
பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அதுவா. குளிரூட்டும்போது லேசாக முனகும்.
பன்னிரண்டு முறை போனது.
பன்னிரண்டு முறை வந்தது."

பிறகு வெகுநேரம்
தவளைகள் மட்டும் பேசின.

மறுநாள் இரவு போனது.
முதலில் வெளிச்சம்.
ஆற்றில் தூங்கிய கூழைக்கடாக்கள்
விடிந்துவிட்டதென்று எழும்பின.
சத்தம் ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து வந்தது,
எல்லாம் வாங்கி முடித்தபின் பில் வருவது போல.
நிறுத்தியிருந்த கார்கள் அத்தனையும்
ஒன்றாக அலறின.
மேலே நான்கு பேர். யாரோ ஒருத்தி
அவர்கள் பெயர்களை வரிசையாகக் கத்தினாள்.

டெல்மர் வானத்தைப் பார்க்கவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
எட்டு நிமிடம் சொச்சம்.
தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார்.
மற்ற எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்,
அந்த நால்வரும் திரும்பி வருவார்கள் என்பதால்.
நானும் தட்டினேன்.

அலுவலகம் ரசீதைத் திருப்பி அனுப்பியது.
பொருள் விவரம் தெளிவில்லை.
ஓர் இரவு என்றிருக்க, இரு இரவு ஏன்?
நாற்பது டாலரை நானே ஏற்றுக்கொண்டேன்.

அறிக்கையில் சுழியத்தைத் தொடவில்லை.
தொட எனக்கு அதிகாரமில்லை.
அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்:
பன்னிரண்டு முறை திரும்பி வந்தது.
மேலதிகாரி யோலாண்டா அதை அடித்துவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தார்: ஆதாரம்?

விலை மிக அதிகம் என்றுதான் எழுதினேன்.
இன்றும் அதையே எழுதுவேன், ஒரு சதம் குறைக்காமல்.
ஆனால் அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் முட்டியபோது
மடியிலிருந்த தாள்கள் சரிவது தெரியாமல்
எழுந்து நின்றேன்.
பத்து இலக்கத்தின்மீது
ஈரப் புல் ஒட்டியிருந்தது.
அதை எந்தப் பத்தியில் எழுத
என்று இன்னும் தெரியவில்லை.